மண்மாரிக்குக் கீழே

காளமேகப் புலவரே, உம்மைப் பள்ளிக்கூடத்தில் சிரித்துக்கொண்டே படித்தவள் நான். பாம்பும் எள்ளும் ஒன்று என்றீர். பாம்பும் வாழைப்பழமும் ஒன்று என்றீர். எங்கள் தமிழ் வாத்தியார் மேசையைத் தட்டித் தட்டி உம் சிலேடைகளைப் பிரித்துச் சொல்லும்போது, மீன் கூடை நாற்றம் போகாத பாவாடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். உம்மேல் எனக்கு அப்போது ஒரு கோபமும் இல்லை. கோபம் வந்தது 2004 டிசம்பர் கடைசியில், ஒரு குழியின் ஓரத்தில் நின்றபோது.

அந்தக் குழியை பொக்லைன் வண்டி தோண்டியது. எங்கள் ஊர் ஆம்பளைகள் மண்வெட்டி எடுக்கவில்லை. எடுக்கத் தெம்பில்லை, எடுத்தாலும் அத்தனை பேருக்குத் தோண்ட முடியாது. என் அத்தை அதில் எங்கே படுத்தாள், தலைமாட்டில் யார், கால்மாட்டில் யார் என்று எங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று எங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு போலத் தூவினார்கள். கோடி போடவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. ஒப்பாரிகூட முழுசாக வரவில்லை, தொண்டை அடைத்துப் போயிருந்தது.

அப்போது நிவாரணத்துக்கு வந்த ஒரு பெரிய மனிதர், வேட்டி மடிப்பு கலையாதவர், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்:

“என்ன பண்றது சார். இது காளமேகம் வுட்ட சாபம். அன்னைக்கு மண்ணு மாரி, இன்னைக்குத் தண்ணி மாரி. சபிச்ச பூமி, அவ்வளவுதான்.”

திட்டவில்லை அவர். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார், கண்கூடக் கலங்கியிருந்தது. அதைத்தான் இருபது வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை.

திருமலைராயன்பட்டினத்துக் கதையை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 15-ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கத்தை திருமலைராயன் ஆண்டான். அவன் சபையில் அதிமதுரகவி என்று ஒரு தலைமைப் புலவர், அவருக்குப் பக்கபலமாக அறுபத்து நான்கு தண்டிகைப் புலவர்கள். பல்லக்கேறிப் போகும் புலவர்கள் என்று அர்த்தம். அங்கே காளமேகம் போகிறார். உட்கார ஆசனம் தரவில்லை. சரஸ்வதியைப் பாட, ராஜாவின் சிம்மாசனமே வளர்ந்து இடம் கொடுத்ததாம். பிறகு யமகண்டம் என்று ஒரு பந்தயம். கீழே எண்ணெய்க் கொப்பரை கொதிக்கிறது, மேலே உறி தொங்குகிறது, கழுத்திலும் இடுப்பிலும் கத்தி, சுற்றிலும் யானை. கேட்ட கேள்விக்கெல்லாம் கேட்ட நொடியில் பாட வேண்டும். தடுமாறினால் முடிந்தது. பாடினார், ஜெயித்தார். ராஜா அப்போதும் மரியாதை செய்யவில்லை. வெளியே வந்து, இந்த ஊர் மண்மாரி பொழிந்து அழியட்டும் என்று பாடிவிட்டுப் போனார். ஊர் மண்ணுக்குள் போயிற்று. விநோதரசமஞ்சரியில் இந்தக் கதையை ருசியாக எழுதியிருக்கிறார்கள். பட்டிமன்றத்தில் சொல்லும்போது இன்றைக்கும் கைதட்டு விழுகிறது.

எங்கள் கருக்களாச்சேரி அந்தப் பட்டினத்துக்கு, இப்போதைய டி.ஆர்.பட்டினத்துக்கு, பக்கத்து மீனவக் கிராமம். சின்ன வயதில் அம்மாவோடு டி.ஆர்.பட்டினத்துத் தெருக்களில் மீன் விற்கப் போகும்போது எனக்கு நடக்கவே பயமாக இருக்கும். காலுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரின் வீடுகளில் ஆட்கள் படுத்தபடியே இருக்கிறார்கள், நாம் ஒரு பெரிய கல்லறையின் கூரைமேல் மீன் விற்கிறோம் என்று தோன்றும். முன்பு 108 கோயில், 108 குளம் இருந்த ஊர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவர் யார் என்று நான் கேட்டதில்லை.

புலவரே, அந்தக் கூரைக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றித்தான் கேட்கிறேன்.

உமக்கு ஆசனம் தராதவன் ஒருவன். உம்மை மட்டம் தட்டியவர்கள் அறுபத்தைந்து பேர் என்றே வைத்துக்கொள்வோம். எண்ணெய் காய்ச்சியவனும் யானையைப் பிடித்தவனும் கூலிக்காரர்கள், அவர்களைக்கூட உம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பட்டினத்தில் பானை வனைந்தவன் உமக்கு என்ன செய்தான்? உப்பு காய்ச்சியவன்? துணி வெளுத்தவள்? அன்றைக்குப் பிள்ளை பெற்று ஈரத்தோடு படுத்திருந்தவள்? சபைக்குள் வருவது இருக்கட்டும், கோட்டை வாசலில் நின்று எட்டிப் பார்க்கக்கூட எங்கள் ஆட்களை விட்டிருப்பார்களா? உள்ளே வித்துவான்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் ஆள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டிருந்திருப்பான். கரை திரும்பியபோது ஊர் இல்லை. ஏன் இல்லை என்று அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களா?

நீரும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் கரண்டி பிடித்த கை உம்முடையது. நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தில் சோறு நேரம் கடந்து வந்ததற்கே ஒரு பாட்டுப் பாடி, அந்தச் சத்திரத்தை உலகம் உள்ளவரை சந்தி சிரிக்க வைத்தீர். பசி தெரிந்தவர். இலை போட்டுவிட்டுக் காக்க வைப்பது எப்படிப்பட்ட அவமானம் என்று தெரிந்தவர். உமக்கா தெரியாது, ராஜா செய்த தப்புக்கு மண் விழுந்தால் முதலில் யார் கூரைமேல் விழும் என்று?

கண்ணகியை நினைத்துப் பார்க்கிறேன். அவளுக்கு நடந்தது உமக்கு நடந்ததைவிட எத்தனை மடங்கு கொடுமை. ஆசனம் இல்லை என்று அழுதவள் இல்லை அவள், வெட்டுப்பட்ட புருஷனின் உடம்பைப் பார்த்தவள். மார்பைத் திருகி எறிந்து ஊரைக் கொளுத்தும்போதும், இன்னாரைத் தொடாதே என்று தீயிடம் ஆள் சொல்லித்தான் அனுப்பினாள். பத்தினிப் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள், பசு என்று பட்டியல் கொடுத்தாள். அந்தப் பட்டியலிலும் எனக்குச் சில கேள்விகள் உண்டு, அது வேறு பஞ்சாயத்து. ஆனால் அந்த ஆத்திரத்திலும் ஒரு நொடி நின்று யோசித்தாளே. கொப்பரைக்கு மேலே தொங்கிக்கொண்டு நொடிக்கொரு பாட்டுக் கட்டியவருக்கு, “குப்பத்தை விட்டுவிடு” என்று ஒரு சீர் கூடுதலாகப் போட வராமல் போயிற்றா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் கதைகளில் எந்தச் சாபத்துக்கும் ஒரு வாசல் வைத்திருப்பார்கள். அகலிகைக்கு ஒரு கால் தூசி. சந்திரனுக்குத் தேய்ந்தாலும் வளர்பிறை. எங்களுக்குப் பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கிறது. கால் சரியாகக் கழுவாத குற்றத்துக்கு நளனைப் பிடித்து, நாடு பறித்து, பெண்டாட்டியைக் காட்டில் விட்டு ஓட வைத்தார்கள். அவனுக்கே அங்கே விமோசனம் கிடைத்தது. சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து, நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்திய துணியை விட்டுவிட்டு, பாரம் கழிந்தது என்று பஸ் ஏறுகிறது. ஊர் உலகத்துத் தோஷமெல்லாம் எங்கள் மாவட்டத்தில் வந்து கழிகிறது. இங்கேயே பிறந்தவர்களுக்கு மட்டும் கழியவில்லை. நீர் வாசல் வைக்காமல் கட்டிய சாபம்.

காவிரியின் அந்தக் கோடியிலும் இப்படி ஒரு ஊர் உண்டு. மைசூர்ப் பக்கம் தலக்காடு. 1610 வாக்கில், விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா, நகைக்காகத் துரத்தி வந்த மைசூர் ராஜா உடையாரின் ஆட்களிடம் அகப்படாமல் ஆற்றில் குதிக்கும்போது, தலக்காடு மணலாகட்டும் என்று சபித்தாளாம். கோயில்கள் இன்றும் மணலுக்குள் இருக்கின்றன, அவ்வப்போது தோண்டித்தான் பார்க்கிறார்கள். ஆராய்ந்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். மேல்பக்கம் அணை கட்டியதில் ஆறு ஒதுங்கி, வெளியில் கிடந்த மணலைக் காற்று வாரிக் கொட்டியதாம். ஆற்றின் தலைமாட்டில் ஒரு மண்மாரி, கால்மாட்டில் ஒரு மண்மாரி. எங்கள் பக்கமும் நடந்தது அந்த மாதிரிதான் இருக்கும். முகத்துவாரம் தூர்ந்திருக்கும், வாடைக்காற்றில் மேடு நகர்ந்திருக்கும், ஒரு புயல் அடித்திருக்கும். பூம்புகாரைக் கடல் கொண்டதற்கும் இந்திர விழா எடுக்காததுதான் காரணம் என்று மணிமேகலை சொல்கிறது. ஊர் அழிந்தால் யாராவது ஒருவர் கோபித்திருக்க வேண்டும் நமக்கு. அப்போதுதான் மனசு ஆறும்.

யாருடைய மனசு என்பதுதான் கேள்வி.

சாபம் என்று ஒன்று இருப்பது எத்தனை பேருக்கு வசதி என்று பாரும். 1739-இல் தஞ்சாவூர் மராட்டிய ராஜா சகுஜி, காரைக்காலோடு கருக்களாச்சேரிக் கோட்டையையும் சேர்த்துப் பிரெஞ்சுக்காரனுக்குக் காசுக்குக் கொடுத்தான். கோட்டை என்றால் அதைச் சுற்றிய மண்ணும் மனுஷரும் சேர்த்திதான். எங்களை விற்ற பத்திரத்தில் உம் பாட்டா இருந்தது? பிரெஞ்சுக்காரன் 1954-இல் போனான். அப்புறமும் எங்கள் தலைநகரமான புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தள்ளி, நடுவில் இன்னொரு மாநிலம். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கென்று 7 டிஎம்சி எழுதியிருக்கிறார்கள். ஜூனில் மேட்டூரைத் திறந்தால் எல்லா மடையும் குடித்துவிட்டுக் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் கண் பூத்துப்போகும். ஆற்றுத் தண்ணீர் தள்ளாத இடத்தில் கடல் தண்ணீர் ஏறும், இதற்குப் புலவர் எதற்கு? எங்கள் பக்கத்து ஆறுகளில் ஒன்றுக்குப் பெயர் திருமலைராஜன் ஆறு. ஆமாம், உம்மை அவமதித்தவனின் பெயர்தான். நீர் சபித்த ராஜா ஆறாக ஓடி, பேரும் புகழுமாய் எங்கள் கடலில் கலந்துகொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு பழுதும் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

மார்கழி மாசம், பௌர்ணமி. முதல் நாள் கிறிஸ்துமஸ். காலையில் கடல் தட்டுப்போல இருந்தது. அப்பா கரையில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அத்தை கூடையோடு ஏலத்துக்கு நின்றாள். எனக்கு 22 வயது, வீட்டுத் திண்ணையில் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஒன்பது மணி வாக்கில் ஒரு சத்தம். அலைச் சத்தம் எங்களுக்குத் தாலாட்டு, அதில் பிறந்து வளர்ந்தவர்கள். இது வேறு. லாரி லாரியாகக் கல் கொட்டுவது போல. “கடல் எந்திரிச்சி வருது” என்று யாரோ ஓடினார்கள். சுனாமி என்ற வார்த்தையே அன்றைக்கு எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. சாயந்திரம் டிவியில்தான் கேட்டோம். செத்தவர்கள் எதனால் செத்தோம் என்று தெரியாமலே செத்தார்கள்.

புலவரே, இதைக் கவனமாகக் கேளும். சுமத்ரா பக்கம் பூமி பிளந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. எங்கள் கரைக்குத் தண்ணீர் வர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தையே கடல் அடித்துத் துடைத்தது. சென்னையில் கட்டில் ஆடி ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டரை மணி நேரம்! எங்கள் குப்பத்திலிருந்து மேற்கே தார்ரோடு வரைக்கும் கிழவி நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. ஒரு போன், ஒரு தண்டோரா, கோயில் மைக்கில் ஒரு குரல் போதும். அத்தை கூடையை எறிந்துவிட்டு ஓடியிருப்பாள், அவளைப்போல ஓடுபவள் ஊரில் இல்லை. எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் வந்தது, 2007 அக்டோபரில். செத்தவர்கள் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் ஏறத்தாழ 600 பேர், அதில் பெரும்பாலும் எங்கள் காரைக்கால் மாவட்டத்து ஜனம். பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேல். அந்த இரண்டரை மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? உம் கணக்கில் எழுதிவிட்டுத்தான் அந்தப் பெரிய மனிதர் கார் ஏறினார். நீர் வாய் திறந்து மறுக்கப் போவதில்லை, செத்து ஐந்நூறு வருஷம் ஆகிறது. இப்படி ஒரு குற்றவாளி யாருக்குக் கிடைப்பான்?

இன்னும் ஒரு விஷயம் சொன்னால் நீரே ஆடிப்போவீர். அன்றைக்குத் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி உள்ளே வரவில்லை. மணல்மேடு உயரமாக இருந்த பக்கம் அலை முட்டி, தயங்கி, திரும்பியது. தாழையும் அடம்புக்கொடியும் பின்னிக் கிடந்த பழைய மேடுகள். மேட்டை வெட்டிச் சமனாக்கிய பக்கம்தான் வாசல் திறந்தது போல உள்ளே வந்தது. நீர் சாபமாகப் பெய்யச் சொன்னீரே மண், அது கரையோரம் குவிந்து கிடந்த இடத்தில் எங்கள் பிள்ளைகள் பிழைத்தார்கள். மேட்டுக்குப் பின்னால் இருந்த என் சித்தி வீட்டில் அடுப்புகூட அணையவில்லை. அந்த மண்ணை வண்டி வண்டியாக அள்ளிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் வருவார்கள், விளக்கை அணைத்துக்கொண்டு. கேட்டால், “வெறும் மணலுதானே, சும்மாதானே கெடக்கு” என்பார்கள்.

அப்புறம் நிலம் செத்தது. ஊற்று தோண்டினால் முன்பு இரண்டு முழத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர் வரும், அதை மண்டியிட்டுக் கையால் அள்ளிக் குடித்தவள் நான். அலை வந்து போன பிறகு வாயில் வைக்க முடியவில்லை. வயலில் உப்பு பூத்து வெள்ளையாகக் கிடந்தது, பிளீச்சிங் பவுடர் தூவியது போலவே. சீமைக்கருவேலம் மட்டும் சந்தோஷமாக வளர்ந்தது. என்னைப் பெண் பார்க்க உள்நாட்டிலிருந்து வந்த ஒரு வீட்டார் அந்த நிலத்தைப் பார்த்தார்கள், தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். “மண்மாரி பேஞ்ச ஊரு” என்று அந்த அம்மாள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். பலகாரத்தையும் விட்டுவைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும்.

சபிச்ச மண்ணா இது? மாசிமகத்துக்கு வந்து பாரும். திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் புறப்பட்டு டி.ஆர்.பட்டினம் கடற்கரைக்கு வருகிறார். வலைஞர் குலத்துப் பெண் பத்மினி நாச்சியாரைக் கட்டிக்கொண்டவர் என்பதால் எங்களுக்கு மருமகன் முறை. “மாப்பிள்ளே, மாப்பிள்ளே” என்று எங்கள் ஆட்கள் கடல் அதிரக் கத்திக்கொண்டு தோள் கொடுப்பார்கள். சாமியை முறை சொல்லிக் கூப்பிடுகிற உரிமை எத்தனை ஊருக்கு உண்டு? அவருக்குத் தெரியாதா உம் சாபம்? தெரிந்தும் வருகிறார் என்றால் உம் பாட்டை அவர் மதிக்கவில்லை. நீர் வைணவராகப் பிறந்து சைவரானவர் வேறு. உங்களுக்குள் என்ன பழைய கணக்கோ, எனக்குத் தெரியாது.

சாபம் விடுவது உம்மைப் போன்றவர்கள் வேலையும் இல்லை. அது எங்கள் பொம்பளைகளின் ஆயுதம். கேட்க ஆளில்லாதபோது, பஞ்சாயத்தும் போலீசும் கைவிட்டபோது, கடைசியாக எங்களிடம் இருப்பது காலடி மண் ஒன்றுதான். அதைக் குனிந்து வாரி, வானத்தைப் பார்த்துத் தூற்றி, நாசமாப் போ என்போம். நாலடிக்கு மேல் போகாது அந்த மண். உமக்குத் தமிழ் இருந்தது, சபை இருந்தது, வாயில் தாம்பூலம் கொடுக்கத் திருவானைக்காவில் அம்மன் இருந்தாள். உமக்கு எதற்கு எங்கள் மண்?

அன்றைக்குக் குழி ஓரத்தில் அந்தப் பெரிய மனிதர் பேசியதை அம்மாவும் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகை நின்றிருந்தது. மெல்லக் குனிந்தாள், கை நிறைய மண் வாரினாள், நிமிர்ந்தாள். என் வயிறு கலங்கியது. ஊரே பார்த்தது, அவர் மட்டும் பார்க்கவில்லை, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தார். அம்மாவின் கை பாதி உயரத்தில் நின்றது. குழியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையை இறக்கி, அந்த மண்ணை முந்தானையில் கொட்டி, முடிச்சுப் போட்டு, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“ஏம்மா?” என்றேன் வீட்டுக்கு வரும்போது.

“ஒன் அத்தை மேல பட்ட மண்ணுடி. அவன் மேல போட்டு வீணடிக்கவா?”

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு சாமி மாடத்தில் வைத்தாள். அரசாங்கம் கொடுத்த வீட்டுக்கு மாறும்போது பாத்திரம் பண்டத்துக்கு முன்னால் அதைத்தான் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். இப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. வருஷா வருஷம் டிசம்பர் 26-இல் நாங்கள் கடலில் பால் ஊற்றி வந்த பிறகு, பாட்டிலைத் தடவி எடுத்து, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.